எழவு கேட்க நியூ ஜெர்சிக்குப் போனது

அமெரிக்கா போய் வந்தவர்கள் நயாகராவைப் பற்றி எழுதுவார்கள், சுதந்திர தேவி சிலையைப் பற்றி எழுதுவார்கள். நான் இரண்டையும் பார்க்கவில்லை. பதினேழு நாள் நியூ ஜெர்சியில் இருந்துவிட்டுத் திரும்பினேன். போனதே எழவு கேட்கத்தான். மற்ற ஊர்க்காரர்கள் இதைத் துக்கம் விசாரிப்பது என்று நாசூக்காகச் சொல்வார்கள். எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் எழவு கேட்பதுதான்.

என் தங்கை வசந்தி கல்யாணமாகி அங்கே போய் இருபது வருடம். அவள் கணவர் சண்முகம் ஒரு மருந்து கம்பெனியில் வேலை பார்த்தவர். தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் ஒரு காலை, கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. செய்தி வந்த மறுநாளே விசாவுக்கு ஓடினேன். முதல் தடவை இல்லை என்றார்கள். இரண்டாம் தடவையும் இல்லை என்றார்கள். எழவு வீட்டுக்குப் போகிறவன் அங்கேயே தங்கிவிடுவான் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மூன்றாம் தடவை கிடைத்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. பிப்ரவரியில் செத்தவருக்கு அக்டோபரில் எழவு கேட்கப் போன அண்ணன் எங்கள் தாலூக்காவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புறப்படுவதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கணவன் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலையைக் கொண்டுபோய் அவள் தோளில் போர்த்த வேண்டும். அதற்குக் கோடி என்று பெயர். அண்ணனோ தம்பியோதான் போர்த்த வேண்டும். பெரும்பாலும் வெள்ளைதான். நானோ முப்பது வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவன். கணவனை இழந்தவளுக்கு வெள்ளைச் சேலையைச் சுற்றி மூலையில் உட்காரவைக்கும் கொடுமையைப் பற்றி ஈரோடு, பவானி, சத்தியமங்கலம் என்று நான் பேசாத மேடை இல்லை. அப்பேர்ப்பட்டவனின் பெட்டிக்குள் என் மனைவி சரோஜா மஞ்சள் பையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வைத்தாள். என்ன என்று கேட்டேன். கோடி என்றாள். கூடவே கூடாது என்றேன்.

“அது உங்க கொள்கைக்குக் குடுக்கறதில்லீங்க. அவளுக்குக் குடுக்கறது,” என்றாள்.

அவளோடு வாதாடி நேரத்தை வீணாக்காமல் சரி என்று தலையாட்டினேன். அவள் சமையலறைக்குள் போனதும் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கிலோ பருப்புப் பொடியை அடைத்தேன். மேடையில் பேசுகிறவன் வீட்டிலும் செய்து காட்டினான் என்ற திருப்தியோடுதான் விமானம் ஏறினேன்.

விமானத்தில் கொடுத்ததைச் சாப்பாடு என்று சொன்னால் சாப்பாட்டுக்குக் கோபம் வரும். நியூவார்க்கில் இறங்கினால், சுங்க அதிகாரி ஒருவர் பருப்புப் பொடியைப் பிரித்து மோந்து பார்த்து நாலு தும்மல் போட்டார். இது என்ன என்று கேட்டார். சோற்றில் போட்டுச் சாப்பிடுவது என்றேன். யார் சாப்பிடுவார்கள் என்றார். நல்ல கேள்வி. தும்மினவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை, அவரும் பொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வசந்தி நின்றாள். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தோடு வெட்டிய முடி, நெற்றியில் கடுகளவு ஸ்டிக்கர் பொட்டு. எங்கள் ஊரில் எழவு கேட்க வருகிறவர் வாசலில் கால் வைத்ததும், வீட்டுக்காரர்கள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வந்தவரும் அழுவார். அதற்குப் பிறகுதான் தண்ணீர், காபி எல்லாம். அந்த அழுகையை நான் இருபத்திரண்டு மணி நேரம் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தேன். தள்ளுவண்டியை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனேன். அவள் அந்தக் கையைத் தாண்டித் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“வாங்கண்ணா. கார் ஷார்ட் டெர்ம் பார்க்கிங்ல நிக்குது. சீக்கிரம் போயிரலாம்.”

நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

எடிசன் என்ற ஊரில் அவள் குடியிருப்பது ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் மாடி. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் ஆபீஸ் போய்விட்டாள். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடுமாம், அதைச் சரிசெய்கிற வேலை. மகள் நித்யா பதினேழு வயது, பள்ளிக்கூடம். என்னைப் பார்த்து “ஹாய் மாமா” என்றாள், “பை மாமா” என்றாள். நடுவில் ஒன்றும் இல்லை. ஃப்ரீசரைத் திறந்தால் டப்பா டப்பாவாக சாம்பார். ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதி ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஆறு நாளுக்கும் சமைத்துவிடுகிறாள். செவ்வாய் சாம்பாரைத் திங்களன்று எடுத்துவிட்டேன் என்று அன்று மாலை எனக்குத் தனியாகச் சொல்லப்பட்டது.

மூன்றாம் நாள் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். ரோடு இருக்கிறது, புல் இருக்கிறது, மனிதன் நடக்க ஓர் இடம் இல்லை. புல் மேலேயே நடந்தேன். பத்து நிமிடத்தில் ஒரு போலீஸ் கார் பக்கத்தில் வந்து நின்றது. வண்டி ரிப்பேரா என்று கேட்டார் போலீஸ்காரர். வண்டி இல்லை, நடக்கிறேன் என்றேன். எங்கே என்றார். எங்கேயும் இல்லை என்றேன். அது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டார். அறுபதை நெருங்குகிற வயதில் முதல் தடவையாகப் போலீஸ் வண்டியில் ஏறியது நடந்ததற்காக.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வீட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மனிதன் செத்துப்போன வீடு மாதிரியே அது இல்லை. மாலை போட்ட படம் இல்லை, விளக்கு இல்லை. சண்முகம் ஏதோ கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்னும் படம் ஒன்று ஃப்ரிட்ஜில் காந்தத்தில் ஒட்டியிருந்தது, பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அட்டைக்கும் பீட்சா கடை நோட்டீசுக்கும் நடுவில். குளியலறையில் அவர் ரேசர் அப்படியே. கோட்டு மாட்டும் அலமாரியில் அவர் கோட்டு அப்படியே. நான்காம் நாள் போன் அடித்தது. பொருள் விற்கிறவர்கள்தான் பகலில் கூப்பிடுவார்கள், எடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தாள். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும், போனோடு சேர்ந்த பதிவு மிஷினில் சண்முகம் பேசினார். நாங்கள் வீட்டில் இல்லை, பெயரும் எண்ணும் சொல்லுங்கள், திரும்பக் கூப்பிடுகிறோம் என்று ஆங்கிலத்தில், நல்ல உற்சாகமான குரலில்.

அன்று மாலை அவள் வந்ததும் கேட்டேன். எட்டு மாதமாகவா இதை மாற்றவில்லை? மாற்ற வேண்டும் என்றாள், டைம் கிடைக்கவில்லை என்றாள். சாம்பாருக்குக் கிழமை ஒட்ட டைம் கிடைக்கிறது, இதற்குக் கிடைக்கவில்லையா என்று நாக்கு நுனிவரை வந்தது. படித்த பெண், நாலு காசு சம்பாதிக்கிறாள், அழுது வடியாமல் இருக்கிறாள், இதைத்தானே மேடையில் கேட்டாய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எரிச்சல் அடங்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர்கூடவா இல்லை?

சனிக்கிழமை என்னை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று நித்யா முடிவு செய்திருந்தாள். மாமா ஹிஸ்டரி ஆள் என்பதால் ஹிஸ்டரி. தெற்கே கேப் மே என்று ஒரு கடற்கரை ஊர், விக்டோரியா மகாராணி காலத்து வீடுகள் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்றை அந்தக் காலத்துச் சாமான்களோடு அப்படியே வைத்திருக்கிறார்கள் என்றாள். நம்மை இருநூறு வருடம் ஆண்டவர்கள் பாணி நாற்காலியைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று முனகினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நித்யாவே ஓட்டினாள், பக்கத்தில் வசந்தி. லைசன்ஸ் எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பார்க்வே என்ற அந்தச் சாலையில் கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் ஒரு கூடை வைத்திருக்கிறார்கள், ஓடுகிற வண்டியிலிருந்து சில்லறையை அதற்குள் வீச வேண்டும். அவள் வீசியது ஒரு தடவை தரையில் விழுந்து, இறங்கிப் பொறுக்கினாள். பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் எங்கள் மூன்று தலைமுறையையும் ஹாரனாலேயே திட்டின. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அதைச் சரிசெய்ய இன்னொரு இடத்தில் இறங்கி, இடது பக்கம் திரும்ப வலது பக்கம் போய்ச் சுற்றிவர வேண்டும் என்ற நியூ ஜெர்சி விதியால் ஒரே பெட்ரோல் பங்கை மூன்று தடவை பார்த்தோம். பசிக்கு வாங்கிக்கொடுத்த ரொட்டி ஒரு முழ நீளம் இருந்தது. உள்ளே பச்சைத் தழை. ஐஸ் போட்ட தண்ணீர் வேறு, அந்தக் குளிரில்.

வழியில் வசந்தி, நான் கேட்காமலே, சாவு நடந்ததைச் சொன்னாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, ஆபீஸ் விஷயம் சொல்வதுபோலச் சொன்னாள். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதாம். அதற்கென்று இருக்கும் மண்டபத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். நாலு மணிக்கு அடுத்த குடும்பம், அவர்கள் ஆட்கள் கறுப்பு உடையில் வராந்தாவில் காத்திருந்தார்கள். ஐயர் மந்திரத்தைச் சுருக்கினார். அதற்குப் பிறகு தமிழ்க் குடும்பங்கள் பதினாறு நாளும் மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்தன. யாருக்கு எந்த நாள் என்று ஈமெயிலில் பட்டியல் போட்டு, ஒரு வேளைகூடத் தவறாமல் செய்தார்கள். பதினேழாம் நாள் பட்டியல் முடிந்துபோயிற்று. நல்ல ஜனங்கள் அண்ணா, குறை சொல்லக் கூடாது என்றாள். எனக்கோ அந்த ஈமெயில், அந்த நாலு மணி, எல்லாவற்றின் மேலும் ஆத்திரம் வந்தது.

வீடு பெரிய மரவீடு. வாசலில் கறுப்புத் துணியில் முடிந்த ஒரு பூவளையம் தொங்கியது. பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. அக்டோபர் மாதம் முழுக்க அவர்கள் அந்த வீட்டை எழவு வீடாக மாற்றி வைப்பார்களாம், டிக்கெட்டில் போட்டிருந்ததை நித்யா கவனிக்கவில்லை. “ஸாரி மாமா, வேற எங்கயாவது போலாமா?” என்றாள். அவள் தமிழில் பேசி அன்றுதான் கேட்டேன். நான் வண்டியைத் திருப்பச் சொல்வதற்குள் வசந்தி படியேறிவிட்டாள்.

உள்ளே எங்களைச் சேர்த்து ஒரு பத்துப் பேர். வீட்டைச் சுற்றிக்காட்டிய அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும், கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு உடை, பெயர் டோரதி. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். கடிகாரத்தை உயிர் போன நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். நிலைக்கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவார்கள், அதில் முகம் தெரிகிறவர் அடுத்துப் போய்விடுவார் என்று பயம். உடம்பை முன்னறையிலேயே வைத்து, மூன்று நாள் முறைபோட்டு விழித்திருப்பார்கள். காலை முன்னால் வைத்துத்தான் வெளியே எடுப்பார்கள், தலை திரும்பிப் பார்த்துவிட்டால் இன்னொருவரைக் கூப்பிடும். செத்தவரின் முடியைப் பின்னி மோதிரத்துக்குள் வைத்துப் போட்டுக்கொள்வார்கள். கறுப்புக் கரை போட்ட கடிதத்தாள், கறுப்புக் கரை போட்ட கைக்குட்டை. விதவை இரண்டு வருடத்துக்கு மேல் கறுப்பு உடுத்த வேண்டும், பிறகு சாம்பல், பிறகு வெளிர் ஊதா. அந்தக் கறுப்புத் துணி மழையில் நனைந்தால் சாயம் கன்னத்தில் இறங்கிவிடுமாம். மனைவியை இழந்தவனுக்கு? கையில் ஒரு பட்டை, சில மாதம். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சொல்லவா வேண்டும். சூரியன் மறையாத சாம்ராஜ்யத்துக்காரர்கள், அவர்களுடைய அமெரிக்கப் பங்காளிகள், நம்மை மூடநம்பிக்கைக்காரன் என்று புத்தகம் புத்தகமாக எழுதியவர்கள், வீட்டுக்குள்ளே கண்ணாடியைப் பார்த்து நடுங்கியிருக்கிறார்கள். நம் ஊர்க் கொடுமைக்கு வெள்ளை, இவர்கள் கொடுமைக்குக் கறுப்பு. இதை வைத்து ஊரில் ஒரு மணி நேரம் பேசலாம் என்று குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். வசந்தி நின்றுபோன கடிகாரத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

முன்னறையில் ஒரு சவப்பெட்டி இருந்தது, காலிதான். சுற்றிலும் நாற்காலி. எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு டோரதி, இப்போது நாம் ஒரு சின்ன நாடகம் போடப் போகிறோம், எனக்கு ஒரு விதவை வேண்டும் என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் கண்ணைச் சுற்றிலும் ஓட்டி, வசந்தியைப் பார்த்து, நீங்கள் வருகிறீர்களா அன்பே, உங்களுக்கு அழகாக இருக்கும் என்றார்.

நான் எழுந்தேவிட்டேன். வேண்டாம், அவள் வேண்டாம் என்று என் ஆங்கிலம் தடுமாறியது. கூச்சப்படுகிறோம் என்று நினைத்த டோரதி இன்னும் அன்பாகக் கூப்பிட்டார். நித்யா முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். வசந்தி எழுந்து போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். டோரதி ஒரு நீளக் கறுப்புத் துணியை உதறி, அவள் தோளைச் சுற்றிப் போர்த்தி, முன்னால் இழுத்துச் சரிசெய்தார். இனி ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரியுங்கள் என்றார்.

வந்தார்கள். தொப்பி போட்ட ஒரு தாத்தா, தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாடக பாணியில் தலைகுனிந்து, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார்கள். வசந்தி ஒவ்வொருவரையும் நேராகப் பார்த்து, நன்றி என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, நாலாவது ஆளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் டோரதி துணியை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. முந்தானையைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி கேட்ட பிறகுதான் கழற்றினாள்.

வாசலில் டோரதி, அவசியம் திரும்ப வாருங்கள் என்றார். எழவு வீட்டில் சொல்கிற பேச்சா அது? விறுவிறுவென்று படியிறங்கினேன்.

கடலைப் பார்த்து ஒரு பெஞ்சு இருந்தது. நித்யா காபி வாங்கப் போனாள். வசந்தி தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

“அண்ணி கோடி ஏதும் குடுத்துவிடலீங்களாண்ணா?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். கொள்கை வீரனாயிற்றே, உண்மையைச் சொன்னேன். கொடுத்தாள், நான்தான் எடுத்து வைத்துவிட்டு வந்தேன், உன்னை அந்தக் கோலத்தில் பார்க்க நான் என்ன கல்நெஞ்சுக்காரனா என்று மேடைப் பேச்சுக்குப் பக்கத்தில் போய்விட்டேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“உங்க கொள்கை எனக்குத் தெரியாதாண்ணா. நானும் ஒண்ணும் கட்டிட்டு மூலையில உக்காரப் போறதில்ல. போத்துனாப் போதும். அன்னிக்குப் பெட்டியத் தொறந்து பருப்புப் பொடியா எடுத்து வெச்சீங்க. அடியில இருக்கும், நாளைக்கு எடுப்பீங்கன்னு நெனச்சேன். தெனமும் ஆபீஸ்ல இருந்து வர்றப்ப, இன்னைக்கு எடுப்பீங்கன்னு நெனச்சுட்டே வருவேன்.”

அவள் கடலைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

“ஆபீஸ்ல மூணு நாள் லீவு குடுத்தாங்க. நாலாம் நாள் போயிட்டேன். மண்டே ஆனா வீக்கெண்ட் எப்படின்னு கேப்பாங்க, ஃபைன்னு சொல்லுவேன். அந்தம்மா துணியப் போட்டதும் இத்தனை பேர் வந்து கையப் புடிச்சாங்க. வெளையாட்டுக்குத்தான். தெரியும். ஆனா பொறந்த ஊட்ல இருந்து ஒரு துணி வரலீங்களே அண்ணா. அப்பா அம்மா இல்ல, சரி. நீங்க இருக்கீங்கல்ல.”

அவள் அழவில்லை. நான்தான் அழ வேண்டியிருந்தது, அதற்கும் எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. ஒரு வாரமாக அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இவள் ஏன் அழவில்லை என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அழ வைக்கிற உரிமையோடு வர வேண்டியவன் பருப்புப் பொடியோடு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. நித்யா மூன்று காபியோடு வந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சரோஜாவுக்குப் போன் செய்தேன். போன் அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணைச் சுரண்டி, இருபது இலக்கத்தை அமுக்கி, இரண்டு தடவை தப்பாகி, மூன்றாம் தடவை அவள் கிடைத்தாள். பீரோ மேல் பொட்டலத்தை அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்றாள். எட்டு நாளாக அதற்காகத்தான் என்னோடு போனில் பேசவில்லையாம். அந்த வெள்ளைச் சேலையை நான் எப்படி என்று ஆரம்பித்தேன்.

“யாருங்க வெள்ளைன்னு சொன்னது? மயில்கழுத்துக் கலரு. கல்யாணத்துக்கு முன்னாடி அவ ஆசைப்பட்டுக் கட்டுவாளே, அதே கலரு. ஈரோடு பூரா அலைஞ்சு எடுத்தேன். பிரிச்சுக்கூடப் பாக்காமயா எடுத்து வெச்சீங்க?”

முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. அட்டையில் நிமிடம் தீர்ந்துபோனது நல்லதாகப் போயிற்று.

மத்தியானம் நித்யாவை மட்டும் கூட்டிக்கொண்டு ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போனேன். அந்தத் தெருவில் நம் ஆட்கள் கடைதான். நாலு சேலைக்கடை ஏறி இறங்கினோம். எங்கே பார்த்தாலும் ஜிகினா, கண்ணாடிச் சில்லு, தீபாவளிக்கு வந்த சரக்கு. கட்டுகிறவளைவிடச் சேலை கனமாக இருக்கும். ஐந்தாவது கடையில் ஒரு குஜராத்தி அம்மாள். என்ன விசேஷம், பிறந்தநாளா, கல்யாணமா என்று கேட்டுக்கொண்டே ஜிகினாவை மேலும் மேலும் பிரித்துப் போட்டார். கோடி என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எரிச்சலில், இவள் அப்பா செத்துவிட்டார், அவர் மனைவி என் தங்கை என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் கை நின்றது. பிரித்துப்போட்டதையெல்லாம் ஓரமாகத் தள்ளினார். உள்ளே போய், ஜிகினா இல்லாத பருத்திச் சேலைகளாக ஒரு கட்டு கொண்டுவந்தார். மயில்கழுத்து நிறம் எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் திணறியதில், நித்யாதான் கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவினாள். அம்மாவின் பழைய ஆல்பத்தில் பார்த்த கலர் என்றாள். பில் போட்டுப் பையைக் கையில் கொடுத்தவர், நன்றி, மறுபடி என்று வழக்கம்போல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த ஊரில் எனக்குப் பிடித்த முதல் ஆள் அவர்.

நாங்கள் வந்தபோது வசந்தி அந்த வாரத்து சாம்பாரை டப்பாக்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்ததும் கரண்டியை வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஹாலில் கம்பளத்தின் மேல் உட்கார்ந்தாள், ஜீன்ஸும் பழைய பனியனும் போட்டபடியே. நான் சேலையைப் பிரித்தேன். ஆண்கள் இதை எத்தனை தடவை பார்த்திருந்தாலும் கை பழகுவதில்லை. ஒரு முனை தரையில் இழுபட்டது. நித்யா வந்து எடுத்துக்கொடுத்தாள். தோளைச் சுற்றிப் போர்த்தினேன்.

அவள் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா,” என்றாள். “என்னைய உட்டுட்டுப் போயிட்டாருங்கண்ணா.”

அதற்குப் பிறகு வந்தது பேச்சு இல்லை. எங்கள் ஊரில் தெருக்கோடிவரை கேட்கும் அழுகை. எட்டு மாதம் அடக்கி வைத்தது, அட்டைச் சுவர் போட்ட அந்த வீட்டில் எட்டுத் திக்கும் போயிற்று. நானும் அழுதேன். நித்யா சுவரோடு ஒட்டி நின்றாள், அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. பிறகு அவளும் வந்து அம்மா முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம் எவ்வளவு நேரம் கழித்துக் கேட்டது என்று தெரியவில்லை. நித்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள். எதிர்வீட்டுப் பெண்மணி, கையில் போனோடு. அவர் அங்கே ஆறு வருடமாக இருக்கிறாராம். சத்தம் கேட்டது, எல்லாரும் பத்திரமாக இருக்கிறீர்களா, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று பதறினார்.

எங்க அப்பா இறந்துட்டார் என்றாள் நித்யா ஆங்கிலத்தில்.

கடவுளே என்று அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். எப்போது என்று கேட்டார்.

நித்யா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“பிப்ரவரியில்,” என்றாள்.